தாவீது இறங்கிய கிணறு

சேலம் ஜங்ஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் சண்டை. ஒரு ஜட்காக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தகரப் பெட்டியைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துவிட்டு, "ஏறுங்க சாமி, போலாம்" என்றார். எங்கே போகவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. இறக்கு என்றேன். "எறக்கிப்போட்டு வெயில்ல நிக்கிறதுக்கு, ஏறி உக்காந்துக்கிட்டே ரோசனை பண்ணலாமுங்களே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு நாள் லீவு. வர மூன்று நாள், போக மூன்று நாள். மிச்சம் இருந்த ஆறு நாளில் ஒன்று, ஜட்காக்காரரோடு பேசிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்துகொண்டிருந்தது.

நான் யாழ்ப்பாணத்தான். கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அந்தத் தோட்டத்தில் சடையன் என்றொரு தொழிலாளி இருக்கிறார். நாற்பது வயது, நெஞ்சு நோய். மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று தோட்டத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். சடையனுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆசை. சாவதற்கு முன் நற்கருணை அப்பம் வாங்கவேண்டும். ஞானஸ்நானம் பெறாதவருக்கு நற்கருணை கிடையாது. தான் பெற்றிருப்பதாகச் சடையன் சொன்னார். பத்து வயதில், நாமக்கல்லுக்கு அந்தப்பக்கம் கிணத்துக்காடு என்ற ஊரில், மிஷன் கிணற்றில் முழுகினாராம். தாவீது என்று பெயரும் வைத்தார்களாம்.

எங்கள் பாதிரியார் அந்த ஊருக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. "தாவீது என்பவர் இங்கேதான் இருக்கிறார். எங்கள் சபையின் மூப்பர். இலங்கைக்குப் போன அவருடைய தம்பி சடையன் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு இல்லை."

எங்கள் பாதிரியார் நல்ல மனிதர். போகட்டும், இப்போதே கொடுத்துவிடுகிறேன், ஐந்து நிமிட வேலை என்றார். சடையன் மாட்டேன் என்றார். "இன்னொருக்கா வாங்குனா, மொதல்ல வாங்குனது பொய்யின்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமுங்க. ஆண்டவரு ஒருக்கா என்னைக் கூப்புட்டுட்டாரு. ரெண்டாந்தரம் எதுக்குங்க?" அதற்குமேல் கேட்டால், "என்ற அண்ணனைக் கேளுங்க, அவன் சொல்லுவான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவருடைய பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் நாற்பது நாள் குழந்தை. நெற்றியில் தண்ணீர் தெளித்தபோது வீறிட்டு அழுதேன் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அத்தாட்சிக் கடுதாசி பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது. முப்பத்தாறு வருஷத்தில் அதை நான் இரண்டு தரம் எடுத்துப் பார்த்திருப்பேன், இரண்டும் உத்தியோகத்துக்காக. இந்த மனிதரோ கடுதாசி இல்லாமல், தண்ணீரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தார். அண்ணனை நேரில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டுவிட்டேன்.

சூரமங்கலத்தில் ஒரு காப்பி கிளப்பில் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் ரயில்வே உத்தியோகஸ்தர் இருவர், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். "அந்தக் கோட்டுக்காரர் பெண் பார்க்க வந்தவரா, ஜப்தி செய்ய வந்தவரா?" "முகத்தைப் பார்த்தால் ஜப்திதான்." நான் இங்கிலீஷிலேயே இன்னொரு காப்பி கேட்டேன். இருவரும் கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து போனார்கள். தேயிலை நாட்டிலிருந்து வந்தவன் சொல்லக்கூடாது, அந்தக் காப்பி மிகவும் நன்றாக இருந்தது.

புதன்கிழமை முழுவதையும் நாமக்கல் பஸ் தின்றுவிட்டது. பாதி வழியில் முன்பக்கம் குமுறிப் புகை கிளம்பி வண்டி நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு அருகிலிருந்த தோட்டத்துக்கு ஓடினார். அங்கிருந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மாட்டுக்கே தண்ணியக் காணோம், உங்க மோட்டாருக்கு எங்க போறதுங்க?" என்று கேட்டது ரோட்டு வரைக்கும் கேட்டது. மழை பொய்த்து இரண்டு வருஷமாம். கடைசியில் பிரயாணிகள் ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் செம்பிலிருந்து ஊற்றினார்கள். என் கூஜாவும் காலியானது. எங்கள் மலைநாட்டு பஸ் பள்ளத்தில் விழும், மரத்தில் முட்டும், ஆனால் ஒருபோதும் தாகத்தில் நின்றதில்லை.

நாமக்கல் பாறை வெகு தூரத்திலேயே தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது. இருட்டும்வரை கிட்ட வரவில்லை. சத்திரத்தில் கிடந்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஒரு மாட்டுவண்டி. பனையும் கிணறுமாக இருந்ததால் சற்று நேரம் எங்கள் யாழ்ப்பாணம் என்றே மனம் ஏமாந்தது. ஆனால் நாங்கள் துலாவில், அதாவது ஏற்றத்தில், இறைப்போம். இங்கே இரண்டு மாடுகள் பின்னுக்கு நடந்து தோல்பையைக் கிணற்றில் இறக்குகின்றன, முன்னுக்கு நடந்து மேலே இழுக்கின்றன. அன்று வழியில் பார்த்த கிணறுகள் பலவற்றில் மாடுகள் சும்மா நின்றன.

கிணத்துக்காட்டில் முப்பது வீடுகள், ஒரு ஓட்டுக் கோயில், அதன் பின்னால் மிஷன் கிணறு. ஊர்க் கிணறுகளில் இந்த மக்கள் வாளி விட முடியாது. அதனால் முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் வெட்டிக்கொடுத்தது. அகலமான கிணறு, ஒரு பக்கம் கல்படி. குடிப்பதும் அதில்தான், ஞானஸ்நானமும் அதில்தான். எங்கள் ஊரிலும் இன்னார் இன்ன கிணற்றில் அள்ளக்கூடாது என்று உண்டு. ஆகையால் நான் வாயைத் திறக்கவில்லை.

போதகரை அங்கே ஐயர் என்கிறார்கள். இளைஞர், திருநெல்வேலிப் பக்கத்தவர், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பழைய ரிஜிஸ்தரை எடுத்துக் காட்டினார். முப்பது வருஷத்துக்கு முந்திய மை. "மருதன், வயது பன்னிரண்டு. கொடுத்த பெயர் தாவீது." அவ்வளவுதான். சடையன் என்ற பெயர் முன்னும் பின்னும் எங்குமில்லை.

"அந்த மருதன்தான் எங்கள் தாவீது மூப்பர்" என்றார் ஐயர். "உங்கள் பாதிரியார் எழுதியபோது அவரைத்தான் கேட்டேன். ரிஜிஸ்தரில் இருக்கிறதுதானுங்க என்று சொல்லிவிட்டார்."

மூப்பர் வந்தார். உயரமான, நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். "தோத்திரமுங்க" என்று கும்பிட்டார். சடையன் பெயரைச் சொன்னேன். "மூச்சு ரொம்ப வாங்குதுங்களா?" என்று கேட்டார். "எங்கம்மாளுக்கும் அப்படித்தான் இருந்துச்சு." பிறகு என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனார்.

அவருடைய மனைவி சந்தகை பிழிந்து வைத்திருந்தார். எங்கள் இடியப்பத்தின் ஒன்றுவிட்ட தங்கை. நாங்கள் மாவைப் பிசைந்து பிழிந்தபின் அவிக்கிறோம், இவர்கள் அவித்தபின் பிழிகிறார்கள். அரிசி அவர்கள் வீட்டில் நல்லநாளுக்கு மட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. மற்ற நாளெல்லாம் கம்பங்களியும் கொள்ளு ரசமும். நான் நான்கு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"உங்கட தம்பி கிணத்திலை முழுகினவரோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் போயிடுவன்."

"பேசலாமுங்க. வெயில் தாழட்டும்."

வெயில் தாழ்ந்தது. அவரைக் காணோம். யாருக்கோ காய்ச்சல், ஜெபிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சாவு வீடு. மத்தியானம் புருஷன் பெண்சாதி சண்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் மூப்பர் வேண்டியிருந்தது. நான் பின்னாலேயே அலைந்தேன். என் சப்பாத்தில் கோயிலுக்கும் குடிசைக்கும் நடந்த புழுதி ஏறி நிறமே மாறிவிட்டது. அவர் யார் தலையிலாவது கைவைத்துக் கண்ணை மூடினால், அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டுப் பார்த்தது. இவரைப்போல ஒரு மூப்பர் எங்கள் சபைக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் கேள்வியோடு நான் அவர் முன்னால் போய் நின்றால், அந்த ஆளே மாறி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு "வாரேனுங்க" என்று நழுவினார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தக் கிணற்றுப் பக்கம் அவர் போவதே இல்லை. கோயிலுக்குப் போகக் கிணற்றோரம் நேர்வழி இருக்க, அவர் வேலியைச் சுற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலையில் எனக்குப் பொறுமை தீர்ந்தது. திங்கட்கிழமை விடியும்போது நான் புறப்பட்டாக வேண்டும். கோயில் வாசலில் அவரை மறித்துக்கொண்டு கத்தினேன். "அங்கை ஒரு மனுசன் உங்களை நம்பிச் செத்துக்கொண்டிருக்கிறார். அண்ணனைக் கேளுங்கோ, அண்ணன் சொல்லுவார் எண்டுதான் அவர் சொல்லுறது. வேறை ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் என்னடாவெண்டால் எனக்குச் சந்தகை தந்து கொண்டிருக்கிறியள்!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் வேற ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"இல்லை."

"என்னைப் பத்தி?"

"ஒண்டுமில்லை."

அவர் நேரே கிணற்றுப் பக்கம் நடந்தார். கைப்பிடிச் சுவரிலிருந்து நாலு அடி தள்ளியே நின்றுகொண்டார். நானும் நின்றேன். பேச ஆரம்பித்தபோது அவர் குரல் கிணற்றைப் பார்த்தே வந்தது.

"ஞானஸ்நானப் பாடம் எனக்குத்தானுங்க சொல்லிக்குடுத்தாங்க. சடையன் சின்னவன், அடுத்த வருசம்னு வெள்ளக்கார ஐயரு சொல்லிட்டாரு. பாடத்துல என்னன்னா, தண்ணிக்குள்ள போறப்ப பழைய ஆளு செத்துப்போறான், புது ஆளு எந்திரிச்சு வாரான்னு. எனக்குப் பன்னண்டு வயசு. அதுக்கு முந்துன மாசந்தான் எங்க மாமன் இதே கெணத்துல உழுந்து செத்தாரு. அவரு எந்திரிச்சு வரலீங்களே. நெசமாவே செத்துப்போவோம்னு நெனச்சுப்போட்டேன். அன்னைக்குக் காலைல சோளக்காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முழுகப் போகிறவர் தலையோடு வெள்ளைத்துணி போர்த்திக்கொண்டுதான் படியிறங்குவார். முழுகி எழுந்து மேலே வந்த பிறகே துணியை விலக்குவார்கள். கோடித்துணி தயாராக இருந்தது. பெயர்ப் பட்டியலில் மருதன் பெயர் ஏறியிருந்தது. மறுவாரம் அந்த ஐயர் கப்பலேறிச் சீமைக்குப் போகிறார். விதவையான தாய் என்ன செய்வாள்? சின்ன மகனைத் துணியில் சுற்றி அனுப்பிவிட்டாள்.

"ஐயரு மருதான்னு கூப்புட்டாரு. அவன் எறங்குனான். தாவீதுன்னு சொல்லி முழுக்குனாரு. மேல வந்ததும் துணிய வெலக்க உடாம, குளுருதுன்னு சொல்லி அம்மா அவனை வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. ரிஜிஸ்தர்ல என்ற பேரு. பள்ளிக்கூடத்துல நாந்தான் தாவீது. அம்மா ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டா. அவன் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியோட கப்பலேறுற வரைக்கும் வாயத் தொறக்கல. இன்னைக்கு வரைக்கும் தொறக்கலீங்க."

அதற்குமேல் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நற்கருணைத் தட்டை நாந்தான் தூக்கிக்கிட்டுப் போவேன். எல்லாத்துக்கும் குடுப்பேன். ஐயரு என்ற கையில குடுக்கறதை வாயில போடற மாதிரி போட்டுத் துண்டுல முடிஞ்சுக்குவேன். அப்பறமாக் குருவிக்குப் போட்டுருவேன். ஒரு நாளும் நான் தின்னதில்லீங்க. எனக்கு எப்படீங்க அது எறங்கும்?"

என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் அந்த ஒரு துண்டு அப்பத்துக்காக ஏங்கிக்கொண்டு கிடந்தார். இந்தப் பக்கம் ஒருவர் அதைக் கையில் வாங்கி வாங்கிக் குருவிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மாதாமாதம் அது கிடைக்கிறது. அடுத்த வேளைச் சமையலை நினைத்துக்கொண்டே விழுங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

எழுதித் தாருங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன், கடுதாசி கண்டிக்குத்தான் போகிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நாளைக்குச் சபையில சொல்லோணுமுங்க. இல்லாட்டி நான் இன்னொருக்கா ஓடுன மாதிரி ஆயிரும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் நற்கருணைக்கு முன் எழுந்து நின்று, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். பிறகு ஒரே இரைச்சல். முப்பது வருஷம் ஏமாற்றினாயே என்று ஒருவர் எழுந்தார். அவர் கையால் வாங்கித் தின்றதெல்லாம் செல்லுமா என்று இன்னொருவர் கேட்டார். இளைய ஐயர் வேதபுத்தகத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பாவம், இது அவர் படித்த பாடத்தில் வந்திருக்காது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் என்ற அம்மாள் எழுந்தார். முந்தாநாள் நான் போன சாவு வீட்டுக்காரி. "எம் புள்ளயைக் குழியில வெக்கிறப்ப இவருதான் ஜெபம் பண்ணுனாரு. அது செல்லாதுன்னா ஐயரு இப்பவே சொல்லிப்போடுங்க. நான் போய்த் தோண்டி எடுத்துக்கறேன்."

ஐயருக்குக் கண் கலங்கிவிட்டது. "செல்லும் அம்மா" என்றார். "ஆண்டவர் கேட்டுவிட்டார். அது செல்லும்." பிறகு மூப்பரிடம் திரும்பி, "ஆனால் நீங்கள் அந்தப் படியில் இறங்க வேண்டும்" என்றார். "உங்களுக்கும் வேண்டும். எங்களுக்கும் வேண்டும்."

எல்லாரும் கிணற்றுக்குப் போனோம். நீர் முழங்காலளவுதான். நாற்பத்திரண்டு வயது மனிதருக்கு, அந்த முழங்கால் தண்ணீரைப் பார்த்துக் கால் நடுங்கியது. வெள்ளைத்துணியைப் போர்த்தினார்கள். இரண்டாம் படியில் நின்றுவிட்டார். துணிக்குள்ளிருந்து, "வாத்தியாரய்யா, இருக்கீங்களா?" என்று குரல் வந்தது. நான் ஏன் போனேன் என்று எனக்குத் தெரியாது. கோட்டும் சப்பாத்துமாக இறங்கி அவர் கையைப் பிடித்தேன். படி பாசி பிடித்து வழுக்கியது. இருவரும் குடிகாரர்களைப்போல ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

கீழே ஐயர் காத்திருந்தார். என்ன பெயர் என்று கேட்டார்.

"மருதன்தானுங்க. தாவீதுங்கறது என்ற தம்பி பேரு. அதை நான் அவனுக்கு அனுப்பிப் போடறேன்."

தண்ணீர் போதாததால் உட்காரவைத்துச் சாய்த்து முழுக்கினார்கள். ஒரு கணம் தண்ணீருக்குமேல் எதுவும் இல்லை, நான் பிடித்திருந்த கை மட்டும்தான். அது என் விரல்களை நெரித்தது. பிறகு அவர் இருமிக்கொண்டு எழுந்தார். மேலே வரக் காத்திராமல் அங்கேயே துணியை விலக்கினார்கள். சுற்றிலும் பார்த்தார், மேலே வானத்தைப் பார்த்தார். "சாகலீங்க" என்றார் என்னிடம், ஆச்சரியமாக. மேலே நின்ற சனங்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே பாட ஆரம்பித்தார்கள்.

ஈரத்துணியோடு கோயிலுக்குள் வந்து அவர் அப்பத்தை வாங்கினார். ஒரு சுண்டுவிரல் நகமளவு துண்டு. அதை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார். ஐயர் அவசரப்படுத்தவில்லை. நானும் அவசரப்படவில்லை. அந்தப் பயணத்திலேயே முதல் தடவையாக எனக்குப் புறப்படவேண்டும் என்ற நினைப்பு இல்லாமல் இருந்தது.

கடுதாசி சிறியது. "கிணத்துக்காட்டு மிஷன் கிணற்றில் தாவீது என்ற பெயரில் முழுகியவன் என் தம்பி சடையன். அந்தப் பெயர் அவனுடையது. இத்தனை நாள் நான் வைத்திருந்ததை மன்னிக்கவும்." கீழே மருதன் என்று கையெழுத்து. அதற்குக் கீழே ஐயர் சாட்சி.

தோட்டத்துக்கு வந்துசேர்ந்த அன்றே எங்கள் பாதிரியார் கடுதாசியைப் படித்துவிட்டு, அங்கியை எடுத்துக்கொண்டு என்னோடு தொழிலாளர் லயத்துக்கு நடந்தார். மழை பிடித்துக்கொண்டது. சடையன் சாக்கு விரிப்பில் சாய்ந்திருந்தார். நான் கடுதாசியை உரக்கப் படித்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தண்ணி எம்புட்டு இருந்துச்சுங்க?"

"முழங்கால் அளவு."

"அதுக்கே பயந்தானா?"

"நடுங்கினவர். நான் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இறங்கினனான்."

"நல்லதுங்க. அன்னைக்கு அவங் கையைப் புடிக்க ஆளில்ல."

பாதிரியார் அப்பத்தை எடுத்தார். "தாவீது" என்று கூப்பிட்டார், அந்தத் தோட்டத்தில் முதல் தடவையாக. சடையன் வாயைத் திறக்கவில்லை. மூச்சைப் பிடித்து, என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அந்தப் பேரு அண்ணனுக்கே இருக்கட்டுமுங்க. முப்பது வருசமா அவந்தானுங்க அதைத் தூக்கிச் சொமந்தான். எனக்குத் தண்ணி போதும். அப்படின்னு எழுதிப் போடுங்க வாத்தியாரய்யா."

எழுதுகிறேன் என்றேன். அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார்.